டார்ச் நாலாம் நம்பரில், பேட்டரி ஆறாம் நம்பரில்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை வணங்கி எழுதுவது. கடவுள் கருணையால் நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கக் காலையில் உங்களுக்காகவும் மாலையில் அண்ணிக்காகவும் தனித்தனியே வேண்டிக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் கேட்டால் ஏதாவது விட்டுப்போய்விடும்.

சென்ற புதன்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு எங்கள் கட்டடத்தில் மின்சாரம் நின்றபோது இருந்தவர்கள் விவரம்: ஒன்றாம் நம்பர் வீட்டில் டாக்ஸி ஓட்டும் தம்பி. இரண்டாம் நம்பரில் பேக்கரிக்காரர், தூக்கத்தில். மூன்றாம் நம்பரில் நான், உங்கள் மாப்பிள்ளை. நாலாம் நம்பரில் டீச்சரம்மா. ஐந்தாம் நம்பரில், அதாவது இரண்டாவது மாடியில், தையல்கார ஐயா, அவர் மனைவியான அக்கா. ஆக ஏழு பேர், விழித்திருந்தவர்கள் ஆறு. ஆறாம் நம்பர் பேங்க்காரர் குடும்பத்தோடு வெளியூர். எண்ணிக்கையை முதலிலேயே எழுதக் காரணம், பேங்க்காரர் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் "அன்னிக்கு யாருமே இல்லைன்னு கேள்விப்பட்டேன்" என்றார். ஏழு பேர் இருந்தோம் அண்ணா.

நான் கேட்கப்போவதை டெலிபோனில் கேட்டால் "பாத்துக்கலாம்மா" என்று வைத்துவிடுவீர்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் கடிதம்.

போன வருஷம் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனதே, அப்போது ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாக முழித்தது. ஒரு வீட்டில் ஒன்பது டார்ச், ஒன்றிலும் உயிர் இல்லை. ஒரு வீட்டில் மெழுகுவர்த்தி இருக்கு, தீப்பெட்டி இல்லை. நான்தான் எல்லாரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, எல்லாரும் எல்லாத்தையும் வாங்கி வீணாக்குவானேன், ஆளுக்கொரு பொறுப்பு எடுத்துக்கலாம் என்றேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நோட்டில் கோடு போட்டு எழுதினேன். ஒன்றாம் நம்பர், எல்லாரும் சேர்ந்து வாங்கிய ஜெனரேட்டருக்குப் பெட்ரோல். இரண்டாம் நம்பர், மெழுகுவர்த்தி. மூன்றாம் நம்பர், தீப்பெட்டி, நோட்டு. நாலாம் நம்பர், டார்ச் ஆறு. ஆறாம் நம்பர், பேட்டரி, அதோடு படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டர் இருக்கிற அறையின் சாவி. பேங்க்காரரிடம் சாவியைக் கொடுத்தது, சாவி விஷயத்தில் அவ்வளவு பொறுப்பானவர் என்பதால். அவ்வளவு பொறுப்பானவர், ஊருக்குப் போகும்போது சாவியை வீட்டில் விட்டுப் போக மனசு வராமல் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் வீட்டில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. மண்ணெண்ணெய் ஊற்றுவது நீங்கள். கண்ணாடி துடைப்பது நான், என் கை ஒன்றுதான் உள்ளே நுழையும். தீப்பெட்டி அம்மா இடுப்பில். பற்ற வைப்பது அப்பா. கரண்ட் போனதும் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம், அப்பா "ம்" என்று சொல்லி முடிப்பதற்குள் விளக்கு எரியும். அதைத்தான் அப்படியே இங்கே எழுதி வைத்தேன். அங்கே நாலு பேரும் ஒரே அறையில் கிடந்தோம் என்பதையும், இங்கே ஆறு கதவு, ஆறு பூட்டு என்பதையும் யோசிக்கவே இல்லை.

சரி, புதன்கிழமைக்கு வரேன். காத்துன்னா அப்படி ஒரு காத்து. தெருமுனையில இருந்த மரம் ரோட்டுக்குக் குறுக்க விழுந்து, ஒரு வண்டி உள்ள வரவும் முடியாது வெளிய போகவும் முடியாது. போன்ல ஒரு கோடு கூட இல்லை. எங்க மாடிப்படிக்கு ஜன்னல் கிடையாதே, பட்டப்பகல்லயே கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி இருக்கும். மத்தவங்களுக்கு இதெல்லாம் தொந்தரவு, அவ்வளவுதான். தையல்கார ஐயாவுக்கு அப்படி இல்லை. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருஷமா மூக்குல குழாய் வெச்சு, ஆக்சிஜன் மெஷின்லதான் மூச்சு. சின்ன மெஷின், தோள்ல மாட்டிக்கலாம். கரண்ட் இல்லைன்னா அதுக்குள்ள இருக்கிற பேட்டரி ரெண்டு மணி நேரம் ஓடும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல என்னன்னு அக்கா என்கிட்ட கேட்டாங்க. நான் நோட்டைப் பிரிச்சேன். இருட்டுல எழுத்து தெரியலை.

அப்புறம் நடந்ததை வரிசையா எழுதறேன், சிரிக்காதீங்க. டீச்சரம்மா ஆறு டார்ச்சையும் ஒரு கூடையில போட்டு, பரீட்சை பேப்பர் குடுக்கிற மாதிரி ஆளுக்கொண்ணு குடுத்தாங்க. எல்லாரும் வாங்கி அமுக்கிப் பாத்தோம். பேட்டரி ஆறாம் நம்பர்ல, ஆறாம் நம்பர் பூட்டியிருக்கு. டாக்ஸித் தம்பி பெட்ரோல் கேனோட ஜெனரேட்டர் அறை வாசல்ல நிக்குது. சாவி பேங்க்காரர் பாக்கெட்ல. மெழுகுவர்த்தி வாங்கப் பேக்கரிக்காரர் கதவைத் தட்டினா, அவர் ராத்திரி பூரா அடுப்புல நின்னுட்டுப் பகல்ல காதுல பஞ்சு வெச்சுத் தூங்கறவர், இடி விழுந்தா கூட புரண்டுதான் படுப்பார். எந்தக் குறையும் இல்லாம கையில இருந்தது என் தீப்பெட்டி மட்டும்தான், பன்னிரண்டு பெட்டி. சரி, சாமி முன்னால இருக்கிற விளக்கையாவது எடுத்துட்டுப் போவோம்னு ஏத்தி, காத்துல அணையாம புடவைத் தலைப்பால மறைச்சுக்கிட்டு, வாய்ல ஜபம் சொல்லிக்கிட்டே மேல ஏறினேன். கடைசிப் படியில கால் வெச்சதும் கீழேருந்து டாக்ஸித் தம்பி, "அம்மா, அங்கேயே நில்லுங்க, ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பைக் கொண்டுபோகாதீங்க"ன்னுச்சு. சாமி விளக்கை வாயால ஊதி அணைச்சது என் ஆயுசுல அதுதான் முதல் தடவை. அதுக்கான மன்னிப்பைத் தனியா கேட்டுக்கிட்டிருக்கேன், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க அண்ணா, யாருக்காக முக்கியமா இந்தத் திட்டம் போட்டேனோ அவர் பக்கத்துல என் தீப்பெட்டியும் ஆகாது, ரெண்டாம் நம்பர் மெழுகுவர்த்தியும் ஆகாது. எழுதும்போது அது தோணலை.

உங்க மாப்பிள்ளை பூட்டை உடைக்கப் போனார். அந்தப் பூட்டு நான் சொல்லி வாங்கினது, நல்லதா வாங்கணும்னு நாலு கடை ஏறி இறங்கினது. நாப்பது நிமிஷம் சுத்தியலால அடிச்சார். கதவுக் கைப்பிடி கையோட வந்துடுச்சு, சுத்தியல் பிடி உடைஞ்சுது, பூட்டு அப்படியே இருக்கு. "நல்ல பூட்டாத்தான் வாங்கியிருக்கே"ன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் வாங்கினதைப் பாத்து அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

மணி நாலரை ஆயிடுச்சு. ஐயா நாற்காலியில நிமிந்து உக்காந்து, ஒவ்வொரு மூச்சையும் துணி அளக்கிற மாதிரி அளந்து விட்டுக்கிட்டிருந்தார். அக்கா மெஷின்ல இருக்கிற கோட்டையே பாத்துக்கிட்டிருந்தாங்க, மூணு கோடு ஒண்ணாயிடுச்சு. நாங்க மத்த நாலு பேரும் ஒரே சமயத்துல பேசிக்கிட்டிருந்தோம். அவர் கையைத் தூக்கினார். எல்லாரும் நிறுத்தினோம். விட்டு விட்டுத்தான் பேச முடியும் அவரால.

"தம்பி, உன் வண்டியில... லாப்டாப்புக்கு சார்ஜ் போட்டுக் குடுப்பியே... அதுல இது ஏறாதா?"

டாக்ஸித் தம்பி தலையில அடிச்சுக்கிட்டே இறங்கி ஓடுச்சு. வண்டியை வாசலுக்கு வெளியே, புகை உள்ள வராதபடி திருப்பி நிறுத்துச்சு. ஐயாவை சாப்பாட்டு மேஜை நாற்காலியோட பெட்ஷீட்டால கட்டி, உங்க மாப்பிள்ளை ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் தூக்க, நான் பின்னால பிடிக்க, அக்கா மெஷினைக் குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு வர, டீச்சரம்மா முன்னால டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினாங்க. பேட்டரி இல்லாத டார்ச். எதுக்குப் பிடிச்சீங்கன்னு அப்புறம் கேட்டேன், தெரியலைன்னாங்க. நாலு அம்பதுக்கு வண்டியில மாட்டினோம். மெஷின்ல பச்சை விளக்கு வந்துச்சு. அக்கா அப்பதான் அழுதாங்க.

அதுக்கப்புறம் எட்டு பத்து வரைக்கும் கரண்ட் வரலை. அந்த மூணு மணி நேரத்தைப் பத்தித்தான் உங்களுக்கு எழுதணும்னு இருந்தேன், மத்ததெல்லாம் முன்னுரை. முன் சீட்ல ஐயா, பின் சீட்ல நான், அக்கா, டீச்சரம்மா, ஓட்டற சீட்ல தம்பி. உங்க மாப்பிள்ளை குடை பிடிச்சுக்கிட்டு வெளிய. மேல மழை கொட்டுது. வண்டிக்குள்ள இருக்கிற குட்டி விளக்கு எங்க எல்லார் முகத்துலயும். அப்பா விளக்கு ஏத்தினதும் நீங்க பாடப் புத்தகத்தை விளக்குக்கு இந்தப் பக்கம் வெச்சு சத்தமா படிப்பீங்க, நான் எதிர்ப்பக்கம் உக்காந்து உங்க விரல் போற இடத்தைப் பாத்துக்கிட்டே இருப்பேன். பள்ளிக்கூடம் போகாதவளுக்கு எழுத்து அப்படித்தான் வந்துச்சு, தலைகீழா. ரொம்ப நாள் புத்தகத்தைத் திருப்பி வெச்சுத்தான் படிச்சேன், நீங்க சிரிச்சிருக்கீங்க. அப்புறம் கரண்ட் வரும், அப்பா விளக்கை அணைப்பார், நீங்க எழுந்து வெளிய ஓடிடுவீங்க, என் பாடம் பாதியில நின்னுடும். ஊர்ல எல்லாரும் கரண்ட் வரணும்னு வேண்டினா, ஒருத்தி மட்டும் இன்னும் ஒரு பக்கம் முடியட்டும்னு வேண்டியிருக்கேன். அந்த ஞாபகம் புதன்கிழமை வண்டிக்குள்ள வந்துச்சு. ஆனா இந்தத் தடவை அப்படி வேண்டலை. பக்கத்துல அந்த மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

ஆறரைக்குப் பேக்கரிக்காரர் காதுல பஞ்சோட வெளிய வந்து, "என்ன, எல்லாரும் எங்கயாவது கிளம்பறீங்களா?"ன்னார். விஷயம் தெரிஞ்சதும் முகம் செத்துப்போச்சு மனுஷனுக்கு. இருந்த ரொட்டி அத்தனையும் கொண்டுவந்து குடுத்தார்.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேங்க்காரர், பேட்டரி இருபத்திநாலும் உறை பிரிக்காம அலமாரியில பத்திரமா இருந்துச்சு, என் பொறுப்புல ஒரு குறை சொல்லுங்க பாப்போம்னார். இனிமே அவங்கவங்க வீட்டை அவங்கவங்க பாத்துக்கலாம்னு முடிவு. நான் நோட்டை டீச்சரம்மா கையில குடுத்துட்டு வந்துட்டேன். நான் போட்ட திட்டத்துல ஒரு மனுஷன் மூச்சு போகப் பாத்துச்சு. இனி இந்தக் கட்டடத்துல யாருக்கும் நான் எதையும் எழுத மாட்டேன், சாமிமேல சத்தியம் பண்ணலை, ஆனா பண்ணின மாதிரிதான்.

இப்ப நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. வர்ற பத்தொன்பதாம் தேதி காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பராமரிப்பு வேலை, கரண்ட் இருக்காது. பத்து மணி நேரம். டாக்ஸித் தம்பிக்கு அன்னிக்கு சவாரி இருக்கு, விட்டா பொழப்பு போயிடும். நீங்க முப்பது வருஷம் பேட்டரிக் கடை வெச்சிருந்தவங்க. அந்த மெஷினைப் பத்து மணி நேரம் ஓட்டற மாதிரி பேட்டரி உண்டா, அதை எப்படி மாட்டணும், நீங்க முந்தின நாளே வர முடியுமா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் கடவுள் நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் கொடுக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, உங்கள் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்துல தையல்கார ஐயா வந்தார். ரெண்டு படிக்கு ஒரு தரம் நின்னு நின்னு, அக்கா மெஷினைப் பிடிச்சுக்க, அரை மணி நேரமா இறங்கி வந்திருக்கார். பின்னால டீச்சரம்மா, கையில நோட்டு. அவர் நோட்டை என் முன்னால விரிச்சு, "அஞ்சாம் நம்பருக்கு நேரா வெறும் கோடு போட்டிருக்கே. நான் இந்தக் கட்டடத்துல இல்லையா?"ன்னார். உங்களை நாங்க பாத்துக்கறோம் ஐயான்னேன். "கரண்ட் போனா முதல்ல தெரியறது யாருக்கு? உங்களுக்கெல்லாம் ஃபேன் நின்னு வேர்த்தாத்தான் தெரியும். எனக்கு அந்த நொடியே மெஷின் கத்தும். எல்லாரையும் எழுப்பற வேலையை எனக்கு எழுது"ன்னார். எப்படி எழுப்புவீங்கன்னு கேட்டேன். மடியிலேருந்து துணி வெட்டற பெரிய இரும்புக் கத்திரிக்கோலை எடுத்து எங்க வீட்டு சமையலறைத் தண்ணிக் குழாய்ல மூணு தட்டு தட்டினார். ஆறு வீட்டுக்கும் போற குழாய் அண்ணா. மேலேருந்து பேங்க்காரர் என்ன என்னன்னு இறங்கி வரார், கீழே பேக்கரிக்காரர் பஞ்சோட கதவைத் திறக்கறார், பகல் ரெண்டு மணிக்கு.

அதனால நோட்டு மறுபடி என்கிட்ட. மேலே சத்தியம் மாதிரின்னு எழுதினதை அடிச்சுடுங்க, அவங்கவங்க வீட்டை அவங்கவங்கன்னு எழுதினதையும் அடிச்சுடுங்க. ஒவ்வொரு வீட்லயும் டார்ச்சும் பேட்டரியும் சேந்தே இருக்கணும், அறைச் சாவி வாசல் ஆணியில தொங்கணும்னு எழுதி, பேங்க்காரர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன். அஞ்சாம் நம்பருக்கு நேரா, எழுப்பறதுன்னு எழுதினேன். நான் சரியா எழுதியிருக்கேனான்னு ஐயா பாத்துட்டுத்தான் போனார். பத்து மணி நேரத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியலை. ஜெனரேட்டர் அவ்வளவு நேரம் தாங்காதுன்னு தம்பி சொல்லுது. பத்தொன்பதாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. பேட்டரி உண்டா இல்லையான்னு ஒரு வரி போதும், சீக்கிரம் பதில் எழுதுங்க.