அடுப்போரச் சொம்பு

“பல்லு பெருசா, பொண்ணு கல்யாணம் பெருசா?” என்று அருணாசலம் மனைவியைக் கேட்டார்.

“ரெண்டுந்தானுங்க” என்றாள் பாப்பாயி, கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

போன வாரம் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வந்த வெள்ளைக்காரச் சர்க்காரின் பல் டாக்டர், அவளுடைய சொத்தைப் பல்லைக் குடைந்து அடைத்திருந்தார். இராத்தூக்கத்தைக் கெடுத்த வலி போயிற்று. மகராசன் நன்றாக இருக்கவேண்டும். கூச்சம் மட்டும் மிச்சம்.

“கொஞ்ச நாள் கூசும். ஜில்லுனு வேண்டாம், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், இனிப்பும் வேண்டாம். வெதுவெதுன்னு குடி, தானா அடங்கிடும்” என்றிருந்தார் டாக்டர். அன்று முதல் அவளுக்கென்று அடுப்போரம் ஒரு சொம்பு வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

இன்று மகள் பொன்னாயியைப் பெண் கேட்டு மலைமேல் பக்கத்து ஊர்த்தொகுதியான அரியூர் நாட்டிலிருந்து சுப்பண்ணனும் அவர் மனைவி அத்தாயியும் வந்திருந்தார்கள்.

“பல்லு விசயத்த மூச்சு விடாதீங்க. பொண்ணுக்கும் அம்மா பல்லுதான்னு எந்திரிச்சுப் போயிருவாங்க” என்று பாப்பாயி முன்பே எச்சரித்திருந்தாள்.

மலை வழக்கப்படி, வந்தவர்கள் பெண் வீட்டுத் தண்ணீரைக் குடித்தால் சம்பந்தம், குடிக்காவிட்டால் இல்லை. அத்தாயி சுனைத் தண்ணீரைத் தள்ளி வைத்தாள்.

“தேன் குடு” என்று கிசுகிசுத்தார் அருணாசலம்.

தேனும் தினைமாவும் வந்தன. அத்தாயி தலையை ஆட்டினாள். சுப்பண்ணன் அவசரமாக இரண்டு பேர் பங்கையும் தின்றார்.

“தேனு நல்லா இருக்குதுங்க.”

“சுக்குத்தண்ணி கொண்டா, கொதிக்கக் கொதிக்க” என்றார் அருணாசலம் மனைவியிடம்.

ஆவியைப் பார்த்ததுமே அத்தாயி முகத்தைத் திருப்பினாள்.

“நம்ம ஊடு புடிக்கலயாட்டம் இருக்குது. சிரிச்ச மூஞ்சியாவது காட்டு” என்றார் அருணாசலம்.

பாப்பாயி சிரித்தாள். வாசல் காற்று நேராகப் பல்லில் ஏறியது. ஒரு கண் மூடி, வாய் கோணி, முகம் சுருண்டது.

அத்தாயி அதையே உற்றுப் பார்த்தாள். எழுந்தாள்.

“போச்சு” என்றார் அருணாசலம்.

அவளோ வாசலுக்குப் போகாமல் அடுப்பங்கரைக்குப் போனாள். சொம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். அண்ணாந்து முழுவதையும் குடித்தாள்.

சுப்பண்ணன் தலையைச் சொறிந்தார். “தப்பா நெனைக்காதீங்க. ‘பையனுக்கும் அம்மா பல்லுதான்னு பொண்ணு தரமாட்டாங்க, சொல்லிப்போடாதீங்க’ன்னு சத்தியம் வாங்கிட்டா. அதே சந்தைதானுங்க, அதே டாக்டருதானுங்க.”

பாப்பாயி கும்பிட்டாள். அத்தாயியையா, டாக்டரையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அத்தாயி மடியிலிருந்த கிராம்பில் பாதியை எடுத்து அவள் கையில் வைத்தாள். காற்றுப் படாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.