மெய்வெப்ப மின்னங்கி

மயிலுக்குப் போர்வை ஈந்தவனை வள்ளல் என்று பாடிவைத்தார்கள் முன்னோர். பாவம், மெய்யான வள்ளன்மையை அவர்கள் கண்டதில்லை. அவன் கொடுத்தது வெறும் போர்வை. அதிலிருந்து மின்சாரம் வரவில்லை. எங்கள் மீன் குளிர்பதனக் கிடங்கு கொடுத்த ‘மெய்வெப்ப மின்னங்கி’யிலிருந்து வந்தது. அதைத் தேர்ந்தெடுத்த பதினொருவர் குழுவில் செயலாளனாக அமரும் பேறு எனக்கு வாய்த்தது.

மைனஸ் இருபது டிகிரியில் பெட்டி அடுக்கும் எட்டுப் பேருக்கும் பஞ்சு வைத்த மேலங்கிகள் கிழிந்துவிட்டன. புதியவை வேண்டுமென்று அவர்களுடைய மேஸ்திரி ஒரே வரியில் மனு எழுதினார். இத்துணை எளிய மனுவை அப்படியே நிறைவேற்றுவது அறிவியலை அவமதிப்பதாகும் என்று குழு கருதியது. நான்கு கூட்டங்கள் நடந்தன. ஐந்தாவதில் பொறியாளர் ஒருவர் எழுந்தருளி, மடித்தாலும் ஒடியாத இழைகளால் நெய்த மெல்லிய சட்டையொன்றை மேசைமேல் விரித்தார். உள்ளே உடம்பின் சூடு, வெளியே குளிர். சூடு இழை வழியே வெளியேறும்போது மின்சாரம் பிறக்கும் என்றார். சோதியைக் கண்ட அடியார்போல் நாங்கள் எழுந்து நின்றோம்.

முதல் நாள் மின்சாரம் போதவில்லை. காரணத்தைப் பொறியாளர் நொடியில் கண்டார்: எட்டுப் பேரும் மின்னங்கிக்கு மேல் பழைய கிழிசல்களைப் போட்டிருந்தார்கள். அவை குளிரைத் தடுத்து ‘வெப்ப ஓட்டத்துக்கு இடையூறு’ விளைவித்தன. கிழிசல்கள் அன்றே பறிமுதலாயின. அவ்வாணையைச் சந்திப்பிழையின்றி எழுதியவன் அடியேன்.

மறுவாரம் மேஸ்திரி என் அறைக்கு வந்தார். எட்டுப் பேரில் ஒருவன் அவருடைய மருமகன். அவன் வலக்கையில் இரண்டு விரல்கள் வெளுத்துவிட்டன, கிள்ளினாலும் உறைக்கவில்லை என்றார். கையுறை கொடுத்திருக்கிறோமே என்று நினைவூட்டினேன்.

“உடம்பு சூடா இருந்தாத்தானே சார் விரலுக்கு ரத்தம் போகும்? அது கெடக்கட்டும், அந்தக் கரண்டுல என்னதான் ஓடுது?”

நெஞ்சில் தைத்த திரையில், அணிந்தவரின் உடல்வெப்பம் எண்ணாகத் தெரியும் என்று பெருமிதத்தோடு விளக்கினேன்.

மேஸ்திரி விடவில்லை. “அவன் நடுங்குறான்னு தெரிஞ்சுக்க அவன்கிட்டயே சூட்டை உருவணுமா? என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே.”

அக்கேள்வியை அதன் சொல்நயம் கருதிக் கோப்பில் சேர்த்தேன். விடை எழுதும்படி யாரும் பணிக்கவில்லை.

விருதுக்குப் பரிந்துரைக்கும் வல்லுநர் வந்த நாளில், நெடிய உருவமுடையவன் என்பதால் அந்த மருமகனையே உள்ளே நிறுத்தினோம். கம்பளிக் கோட்டு அணிந்த குழுவினர் கண்ணாடிக்கு இப்பால் வல்லுநரைச் சூழ்ந்து நின்றோம். திரையில் முப்பத்தாறு தெரிந்தது. அரை மணியில் முப்பத்தைந்து. பின்னர் ஒவ்வொரு தசமமாக, யாப்பு வழுவாத செய்யுள்போல், எண் இறங்கியது. வல்லுநர் மெய்ம்மறந்தார். அவன் கண்ணாடியைத் தட்டினான்.

“மாமா, முடியல. கதவைத் தொறக்கச் சொல்லுங்க.”

பொறியாளர் ஒலிபெருக்கியில் அன்பொழுகச் சொன்னார்: “இன்னும் கொஞ்சம் நில்லுப்பா. இப்பதான் நல்லா வேலை செய்யுது.”

எங்களுக்குப் பின்னால் நின்ற மேஸ்திரி கதவை நோக்கி ஓடினார். திறந்தால் அளவீடு கெட்டுவிடும் என்று, அவர் கையைக் கனிவோடு பற்றி நிறுத்தியவன் நானே. முப்பத்துநான்கு வந்ததும் எல்லோரும் கைதட்டினோம்.

விருது கிடைத்தது. அவ்விரல்கள் இரண்டையும் மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். அங்கியில் பழுது உண்டா என்று விசாரணை வந்தபோது, அறிக்கை எழுதும் கடமையும் என்னிடமே வந்தது. உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் எழுதவில்லை:

‘அங்கியில் யாதொரு பழுதும் இல்லை. அணிந்தவர் உறைந்துகொண்டிருப்பதை அது கணந்தோறும் பெரிய எண்களில் அறிவித்தது. குழுவினர் பதினொருவரும் அதைப் படித்தோம்.’