தேங்காயெண்ணெய் பூசிய வளையம்

விருந்தினரின் நீர்புகாக் கேமராப் பெட்டியைத் தயார் செய்ய இனி மனைவி ஸக்கியாவிடம் கொடுப்பதில்லை என்று முக்குளிப்பு வழிகாட்டி ஷாஹீம் உறுதி பூண்டார். காரணம் எளியது. மாலத்தீவின் அந்தச் சிறு தீவில் இறங்கும் வெள்ளைக்காரர்கள் எல்லோரும், "ஸக்கியா எங்கே?" என்றுதான் கேட்டார்கள். கடலுக்கடியில் அழைத்துச் சென்று உயிரோடு திருப்பிக் கொண்டுவரும் ஷாஹீமை எவரும் தேடுவதில்லை.

அன்று கிறிஸ்டா என்னும் விருந்தினரின் பெட்டி வந்திருந்தது.

"கொண்டா. வளையத்தை நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?" என்றார் ஸக்கியா.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. கண்ணாடி எங்க?"

"தூரத்துல வர்ற சுறாவையே கண்டுபிடிக்கறவன் நான்."

"சுறா பெருசுங்க. வளையத்துல ஒட்டுற முடி சின்னது."

பெட்டியின் விளிம்பில் பதியும் அந்த ரப்பர் வளையந்தான் கடலைத் தடுக்கிறது. அதில் ஒரு முடி கிடந்தாலும் கேமரா போயிற்று. கேமரா போனால் ஷாஹீமின் வேலையும் போயிற்று. தலைநகர் மாலேயில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

பெட்டியோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வளையத்துக்குப் பூசும் மசகு ஸக்கியாவின் தையல் பெட்டியில் இருந்தது. கேட்டால் மானம் போகும். ஆகவே அங்கிருந்த தேங்காயெண்ணெயை எடுத்து, மணப்பெண்ணின் தலைக்குப் பூசுமளவு தாராளமாகப் பூசி, கேமராவை உள்ளே வைத்து மூடினார்.

"வெறும் பெட்டியை முதல்ல வாளித் தண்ணியில முக்கிப் பாத்தீங்களா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"எல்லாம் பாத்தாச்சு."

பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நிஷானிடம் மெல்லக் கேட்டார்:

"கேமரா வளையத்துக்குத் தேங்காயெண்ணெய் போடலாமா?"

"தாராளமா போடலாம். கேமராவைப் புதைக்கக் கபன் துணியும் எடுத்து வச்சுக்க."

ஷாஹீம் வீட்டுக்கு ஓடினார்.

"பெட்டி எங்க?"

"அந்தம்மா வந்து வாங்கிட்டுத் தோணிக்குப் போயிட்டாங்க. நீங்கதான் எல்லாம் பாத்தாச்சுன்னீங்களே."

உண்மையைச் சொல்லாமல் ஷாஹீமும் தோணிக்கு ஓடினார்.

கடலுக்கடியில் அவர் மீன் பார்க்கவில்லை, பவளம் பார்க்கவில்லை. கிறிஸ்டாவின் பெட்டியையே பார்த்தார். அதனருகில் எழுந்த குமிழி ஒவ்வொன்றும் அவர் உயிரில் ஒரு துண்டாக மேலே போயிற்று. திடீரெனக் கிறிஸ்டா கண்கள் பிதுங்க, பெட்டியை விட்டுவிட்டுக் கைகளை வீசினார். முடிந்தது, கடல் உள்ளே புகுந்துவிட்டது என்று ஷாஹீம் சாகும் நேரத்துக் கலிமாவை மனத்துக்குள் சொல்லத் தொடங்கினார். கிறிஸ்டா அவர் முதுகுப்பக்கம் சுட்டினார். திரும்பிப் பார்த்தால் ஆளுயரச் சுறா. சுறாதானா என்று அவருக்கு நெஞ்சே குளிர்ந்தது. அதைக் கட்டித் தழுவாதது ஒன்றுதான் குறை.

மேலே வந்து பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சொட்டு ஈரமில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது ஷாஹீமின் மார்பு முன்னே வந்தது. அவர் பின்னே வந்தார்.

"பாத்தியா? ஒரு சொட்டு இறங்கல. இனிமே இந்த வேலையெல்லாம் என்கிட்ட விட்டுடு."

"விட்டுடறேன்," என்று தலைத்துணியை அவிழ்த்தபடி திரும்பினார் ஸக்கியா. எண்ணெய் மின்னும் கறுத்த ரப்பர் வளையம் ஒன்று அவருடைய கொண்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நீங்க தொழப் போனதும் வேற வளையம் மாத்திட்டேன். உங்களது வீணாப் போகல. தலைக்கு எண்ணெய் வைக்கிற வேலை மிச்சம்."