சாவித்திரிக்குக் கிடைத்த அண்ணன்

"எனக்குப் பென்சன் வேண்டாங்க, தம்பி. நிறுத்திடுங்க."

கிராம நிர்வாக அலுவலர் இளஞ்செழியன் பேனாவைக் கீழே வைத்தார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து பென்சன் வரவில்லை என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறார். எப்போது வரும் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறார். வருகிற பென்சனை நிறுத்தச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை.

"நின்னு போச்சாம்மா?"

"நிக்கலைங்க. மாசம் பொறந்தா டாண்ணு வந்துடுது. அதான் நிறுத்தச் சொல்றேன்."

"ஏன்?"

இந்த 'ஏன்' வரும் என்று சாவித்திரிக்குத் தெரியும். வாய்க்கால் கரையோடு நடந்து வரும்போதே பதிலை உருப்போட்டுக்கொண்டுதான் வந்தாள். 'எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, தம்பி.' அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், ஃபேனுக்கு நேர் கீழே பெஞ்சில் ராசம்மாள் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். வந்த வார்த்தை தொண்டையோடு திரும்பிப் போய்விட்டது.

ராசம்மாளும் சாவித்திரியைப் போலவே விதவைப் பென்சன் வாங்குகிறவள்தான். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். வடக்குநத்தத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பு பற்றவைக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குக் கண், மூக்கு, காது வைத்து, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க நடக்க விட்டுவிடுவாள்.

சாவித்திரி ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. நடவு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வயல் வயலாக இறங்கி வேலை முடித்துக் கொடுப்பவள். கூலி பேசும்போது பெரிய பெரிய பண்ணைக்காரர்களே அவளிடம் தோற்றிருக்கிறார்கள். கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது. ஒரே மகள் குந்தவை மஸ்கட்டில் நர்ஸ். போன ஆவணியில் லீவில் வந்தவள், ஒரத்தநாட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் நல்லக்கண்ணுவுக்கு அம்மாவை விடாப்பிடியாகக் கட்டிவைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அவரும் மனைவியை இழந்தவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, கோயிலில் மாலை, ஓட்டலில் சாப்பாடு என்று காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது. பொங்கலுக்குக் குந்தவை வந்ததும் விருந்து வைத்து ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

அதுவரை நல்லக்கண்ணு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து போனார். யாராவது கேட்டால் மோட்டார் பழுது பார்க்க வந்ததாகச் சொல்வது. சாவித்திரி வீட்டில் இருந்ததோ கை பம்பு.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. அவருக்கு விரால் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் 'டிங்' என்றது.

"என்ன மெசேஜ்?" என்றார் நல்லக்கண்ணு.

"பென்சன் ஏறியிருக்கு."

"என்ன பென்சன்?"

"அது வந்து… புருசன் இல்லாதவங்களுக்குக் குடுக்கறது."

வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது. "நான் இங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கேனே!"

சாவித்திரிக்குச் சுருக்கென்றது. உயிரோடு இருக்கிற மனிதருக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டு, அவர் இல்லை என்று சர்க்காரிடம் காசு வாங்கினால் என்ன அர்த்தம்?

"ஊருக்கு மெதுவாச் சொல்லிக்கலாம் சாவித்திரி. சர்க்காருக்கு உடனே சொல்லிடணும். நிலைமை மாறினா தெரிவிக்கணும்னு சட்டமே இருக்கு."

அதற்காகத்தான் இன்று வந்தாள். வந்த இடத்தில்தான் ராசம்மாள்.

"ஏன் நிறுத்தணும்னு கேட்டேன்மா," என்றார் இளஞ்செழியன் மறுபடியும்.

"வசதி வந்துடுச்சுங்க."

"எப்படி?"

"மாடு வாங்கியிருக்கேன்."

"எத்தனை?"

எத்தனை மாடு இருந்தால் பென்சன் நிற்கும் என்று சாவித்திரிக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாகவே சொன்னாள். "நாலு. எல்லாம் கறவை."

"நாலா!" என்றது பெஞ்சு.

இளஞ்செழியன் திரும்பினார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, தம்பி. இங்க ஃபேன் நல்லா ஓடுது. நீ முதல்ல அவளைப் பாரு," என்றாள் ராசம்மாள்.

இளஞ்செழியன் இளவயதுக்காரர். வேலையில் சுறுசுறுப்பு அதிகம். பென்சனைப் பற்றி மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர், கையோடு கால்நடை மருந்தகத்துக்கும் போன் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் கோமாரி ஊசி போட ஆள் வருகிறார் என்று சாவித்திரிக்குத் தகவல் வந்தது.

அவள் நல்லக்கண்ணுவுக்குப் போன் செய்தாள். "எனக்கு அவசரமா நாலு மாடு வேணும்."

"உண்மையைச் சொல்லத்தானே போனே?"

"போனேன். நடுவுல மாடு வந்துடுச்சு."

ஒரத்தநாட்டில் மோட்டார் கிடைக்கும். மாட்டுக்கு அவர் எங்கே போவார்? கடைசியில் சாவித்திரியே பக்கத்துத் தெரு பால்காரர் சித்தீக்கிடம் போய் நின்றாள். வீட்டில் ஒரு கோபூசை, காலையில் மட்டும் மாடு வேண்டும் என்றாள்.

"பூசைக்குத்தானேக்கா? நல்லாப் பண்ணுங்க," என்று சித்தீக் இரண்டு மாடுகளை ஓட்டிவிட்டார்.

ஊசி போட வந்தவர் இரண்டு மாட்டையும் தட்டிக்கொடுத்தார். மீதி இரண்டு மேய்ச்சலுக்குப் போயிருப்பதாகச் சாவித்திரி சொன்னதை நம்பினார். ஊசி போட்டதோடு விட்டாரா? இரண்டு மாட்டின் காதிலும் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்தி, போனில் சாவித்திரி பெயரைப் பதிந்து, அவளையும் மாட்டையும் சேர்த்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் வேலியோரம் ராசம்மாளின் தலை தெரிந்தது.

"ஏண்டி சாவித்திரி, பென்சனை நிறுத்தச் சொன்னா ஆபீஸ்ல என்னென்ன கேக்கறாங்க? சாட்சி கீட்சி கேக்கறாங்களா?"

'துப்புத் துலக்க வந்துட்டா' என்று நினைத்துக்கொண்டாள் சாவித்திரி. "ஒண்ணும் கேக்கலைக்கா. ஏன்?"

"சும்மாதான்," என்று ராசம்மாள் மாட்டைப் பார்த்தாள், சாவித்திரியைப் பார்த்தாள், போய்விட்டாள்.

சாயங்காலம் சித்தீக் வந்தார். வழக்கமாகச் சிரிக்கும் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை. "பூசை பண்ணின மாட்டுக்குப் பொட்டு வச்சு அனுப்புவாங்க. நீங்க கம்மல் மாட்டி அனுப்பியிருக்கீங்களே! டாக்டர் ஆபீஸ்ல கேட்டா மாடு உங்க பேர்ல இருக்குங்கறாங்க. நாளைக்கு நான் லோன் கேட்டுப் போனா மாட்டுக்கு உங்களையா கூட்டிட்டுப் போறது?"

மறுநாள் சித்தீக்கையும் கூட்டிக்கொண்டு சாவித்திரி அலுவலகத்துக்கு ஓடினாள். பெஞ்சைப் பார்த்தாள். அதே ஃபேன், அதே ராசம்மாள்.

இளஞ்செழியன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மாட்டைச் சித்தீக் பெயருக்கே மாற்றச் சொல்லி மருந்தகத்துக்குப் பேசினார். சித்தீக் போனதும் சாவித்திரியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு ஒரு மாடு கூட இல்ல."

"இல்லைங்க."

"வசதியும் இல்ல. பென்சன் வாங்கக் கூச்சப்பட்டுக்கிட்டு மாடு இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. உங்களை மாதிரி மானஸ்தங்களைத்தான்மா சர்க்கார் தேடிட்டு இருக்கு. பென்சன் தொடரட்டும். ஆடு குடுக்கற திட்டம் ஒண்ணு வருது. அதுலயும் உங்க பேரைச் சேர்த்துடறேன்."

"ஐயோ, ஆடு வேண்டாம்!" சாவித்திரி பதறினாள். "இது ஆதரவில்லாதவங்களுக்குத்தானே தம்பி? எனக்கு ஆதரவு இருக்கு. ஆம்பளைத் துணை வந்தாச்சு."

பெஞ்சு கிறீச்சிட்டது. ராசம்மாள் விளிம்புக்கு நகர்ந்து கழுத்தை நீட்டியிருந்தாள்.

"யாரும்மா?" என்றார் இளஞ்செழியன்.

சாவித்திரி வாயைத் திறந்தாள். நீண்டிருந்த அந்தக் கழுத்தைப் பார்த்தாள்.

"அண்ணன்," என்றாள்.

"பேரு?"

பேரையாவது பொய் இல்லாமல் சொல்வோம் என்று தோன்றியது. "நல்லக்கண்ணு."

"நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை அவரைக் கூட்டிட்டு வாங்க. கூடப் பொறந்த அண்ணன், உங்களை வச்சுக் காப்பாத்தறாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, பென்சனை நிறுத்த நான் எழுதிடறேன்."

சாவித்திரிக்குக் காணாமல் போன அண்ணன் கிடைத்துவிட்ட செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கிய நல்லக்கண்ணுவை டீக்கடைக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "மோட்டார் மெக்கானிக்குன்னு நெனச்சுட்டோம். சாவித்திரி அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

நல்லக்கண்ணு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் நடவுக்கு வரும் பெண்கள் நாலைந்து பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அண்ணனுக்குப் பொஞ்சாதி இல்லையாமேக்கா?" என்று ஒருத்தி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "என் நாத்தனாரு. பட்டுக்கோட்டையில தென்னந்தோப்பு இருக்கு. பிக்கல் பிடுங்கல் கிடையாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிச்சிடலாம்."

தன் புருசனுக்குத் தானே பெண் பார்க்க வேண்டி வரும் என்று சாவித்திரி நினைத்துப் பார்த்ததில்லை. படத்தில் இருந்தவள் வேறு லட்சணமாக இருந்து தொலைத்தாள்.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்கண்ணனைத்தான் சொல்லணும். மகா கோவக்காரரு."

"என் நாத்தனாரு பொறுமைசாலி."

"குடிப்பாரு."

"யாருக்கா குடிக்கல?"

"ராத்திரியில எந்திரிச்சு நடப்பாரு. சாமானை எடுத்து வீசுவாரு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்ல எழுந்து போனார்கள். சாவித்திரி கதவைத் திறந்தாள். மோரைத் தவிர வேறெதையும் குடித்தறியாத நல்லக்கண்ணு கட்டில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாட்டை உன் மாடுன்னே. சரின்னேன். என்னைய அண்ணன்னுட்டே. இப்பக் குடிகாரன் வேற."

"அந்த ராசம்மாக்கா உக்காந்திருக்கு. அது முன்னால எப்படிச் சொல்றது? இந்த வயசுல எதுக்குடி உனக்குன்னு கேட்டா?"

"கேட்டா என்ன சொல்லுவே?"

சாவித்திரி வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் ஆபீசுக்கு வரேன். ஆனா உனக்கு அண்ணன்னு கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் நல்லக்கண்ணு. குரல் உயரவே இல்லை. "உனக்கு அவ்வளவு கூச்சமா இருந்தா நான் இனிமே இங்க வரல. நீ பழையபடி புருசன் இல்லாதவளாவே இருந்துக்க."

அவர் கோபமாகக் கத்தியிருந்தால் சாவித்திரி ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிச் சொல்லியிருப்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு அவர் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குந்தவைக்காகக் கட்டிக்கொண்டோம் என்றுதான் இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லி வந்தாள். இந்த மனிதர் வராத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தபோது அது பொய் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கால் வைக்க இடமில்லை. சம்பா பயிருக்கு இன்சூரன்ஸ் கட்ட அடங்கல் சான்று வாங்குவதற்காகப் பாதி ஊர் அங்கே நின்றது. சித்தீக்கும் யாருக்கோ துணையாக வந்திருந்தார். பெஞ்சில் ராசம்மாள், வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்தியபடி. நல்லக்கண்ணு வாசலோரம் வந்து நின்றார்.

"வாங்கம்மா, வாங்க சார்!" இளஞ்செழியன் கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தார். தயாராக எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "மேற்படி நல்லக்கண்ணு ஆகிய நான், சாவித்திரி என்பவரின் உடன்பிறந்த அண்ணன் என்றும்… சரிதானே சார்? இந்த இடத்துல ஒரு கையெழுத்து."

நல்லக்கண்ணு பேனாவைத் தொடவில்லை. சாவித்திரியைப் பார்த்தார். ஊரும் அவளைப் பார்த்தது. பெஞ்சும் பார்த்தது.

"கிழிச்சுப் போடுங்க தம்பி, அதை!" சாவித்திரியின் குரல் நடவு வயலில் எட்டுவதைப்போலக் கடைசி ஆள்வரை எட்டியது. "இவரு எனக்கு அண்ணன் இல்ல. வீட்டுக்காரரு! ஆவணியில கல்யாணம் பண்ணிக்கிட்டேன். எம் மக பண்ணி வச்சா, எனக்கும் இஷ்டம்தான். இவரு கோவக்காரரு இல்ல, குடிக்க மாட்டாரு, ராத்திரியில நடக்கவும் மாட்டாரு. அதனாலதான் பென்சன் வேண்டாங்கறேன். போதுமா?"

நல்லக்கண்ணு தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"இதை முத நாளே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் இளஞ்செழியன் தலையைச் சொறிந்தபடி. "இதுக்குன்னே ஒரு ஃபாரம் இருக்கு. கல்யாணப் பதிவு நகலோட குடுத்தா முடிஞ்சுது." மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"அக்கா, பிரியாணி எப்ப?" என்று கத்தினார் சித்தீக். கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். நாத்தனார் படத்தைக் காட்டியவள் மட்டும், "என்கிட்டயே குடிகாரன்னு சொன்னீங்களேக்கா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போது ராசம்மாள் பெஞ்சைவிட்டு எழுந்தாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் எழுந்தால் என்ன நடக்கும் என்று ஊருக்குத் தெரியும். கூட்டம் விலகி வழிவிட்டது. சாவித்திரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வருவது வரட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

ராசம்மாள் அவளைத் தாண்டி நேராக மேசைக்குப் போனாள். இரண்டு கையையும் அதில் ஊன்றிக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல், ஊரே அதுவரை கேட்டறியாத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்:

"தம்பி, அந்த ஃபாரம் எனக்கும் ஒண்ணு குடு."