மூன்று வண்டிகள், ஒரு போர்வை, ஒரு மின்விசிறி

அன்பு மருமகளுக்கு, மூன்று இரும்பு மிருகங்களை அடக்கிய அதே கையால் உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே அத்தை பூரண நலம். நான், இடது முழங்கால் நீங்கலாக, நலம். நீயும் உன்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஆடுமாடுகளும் நலமே இருக்க வேண்டும்.

"மாமா, மலைமேல இருக்கிற பட்டிகளுக்குப் போய்வர ஆபீஸ்ல ஏடிவி, அதான் மேடுபள்ளம் ஏறுற நாலு சக்கர பைக், வாங்கித் தர்றாங்க. கொம்பன், வல்லூறு, சூறாவளி, மூணுல எதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். பாதி வழியில நின்னா அங்க கூப்பிட ஆளில்ல. நீங்கதான் பணிமனையில முப்பது வருஷம் இருந்தவராச்சே" என்று எழுதியிருந்தாய். இருந்தேன்தான். பணிமனை வாசலில், வருகைப் பதிவேட்டுக்குப் பின்னால் இருந்தேன். குடும்பத்தில் யாரும் அதை விசாரித்ததில்லை, நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

ஏரிக்கரையில் இந்த வண்டிகளை வாடகைக்கு விடும் மீசைக்காரரிடம் போய், "மூணையும் ரெண்டு நாள் குடுங்க, சர்வீஸ் பண்ணியே தர்றேன்" என்றேன். வாய் என்னுடையது, என்ன செய்ய? மனுஷன் அன்றைக்கே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

முதலில் கொம்பன். ஏறி உட்கார்ந்தேன், எதிரே தபால்கார அம்மா வந்தார், மரியாதைக்கு ஹாரன் அடிப்போமே என்று வலது கட்டைவிரல் பக்கமிருந்த லீவரை அமுக்கினேன். இந்த வண்டிகளுக்கு ஆக்ஸிலரேட்டரே அதுதானாம்! பூமி எனக்குக் கீழே பின்னோக்கி ஓடியது. வேலி, துணிக்கொடி, ரோஜாப் பாத்தி எல்லாம் கடந்து நின்றபோது என் தலைமேல் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதியின் பைஜாமா. "இறங்குறீங்களா, இல்ல இன்னொரு ரவுண்டு இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி. வல்லூறோ, யானைக் கூட்டம் தள்ளினாலும் நகராத தவசி. முக்கால் மணி நேரம் உதைத்துத் திட்டிய பிறகுதான் ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருப்பதைப் பார்த்தேன். சூறாவளி பத்தடி போய், இருமி, படுத்துவிட்டது.

வெளியே பார்த்தால் போதாது, உள்ளே பார்த்துவிடுவோம் என்று மூன்றின் கார்புரேட்டரையும் ஏர்ஃபில்டரையும் கழற்றி ஒரே போர்வையில் பரப்பினேன். பழக்கம் விடுமா? ஒவ்வொரு திருகுக்கும் சீட்டெழுதி மேலே வைத்தேன்: 'கொம்பன், ஆஜர்', 'வல்லூறு, ஆஜர்'. நூற்றுப்பதினேழு பேரும் ஆஜரானதும் வியர்வை தாங்காமல் மின்விசிறியைப் போட்டேன். அத்தனை சீட்டும் ஒரே நேரத்தில் விடுப்பில் போய்விட்டன.

"என்னங்க, போர்வையில கடை விரிச்சிருக்கீங்க?" என்றாள் அத்தை.

"ஆராய்ச்சி."

"காலையில மீசைக்காரர் வருவாரு. அவர்கிட்டயும் இதையே சொல்லுங்க, கேட்டுட்டுப் போவாரு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததுதான் சரித்திரம். நான் ஒவ்வொரு திருகையும் விரல்நுனியில் உருட்டி அளவு பார்த்துப் பிரித்தேன். கண்ணுக்கே தெரியாத ஓட்டைகளைத் தையல் ஊசியால் குத்தி அழுக்கெடுத்தேன். பொறுமையாக மாட்டினேன். மாலை ஐந்து மணிக்கு மூன்று வண்டியும் உறுமியபோது அக்கம்பக்கத்து ஜன்னல்கள் கைதட்டின. நகக்கண்ணில் கரி, முதுகில் வலி, மனசில் அப்படியொரு நிறைவு! ஆயிரம் ஃபைல் பார்த்தாலும் அது வராது, மருமகளே.

ஆகவே என் தீர்ப்பு: கொம்பனையே வாங்கு. வேலியே தாண்டிய வண்டிக்கு மலை எம்மாத்திரம்?

நீ போகும் பாதையெல்லாம் மேடுபள்ளம் விலகி வழிவிட ஆசீர்வதிக்கும்,
உன் மாமா

பி.கு.: கடிதத்தை அத்தை வாசித்துவிட்டாள். எனவே சிறு திருத்தம். 'மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்பதற்கு அப்புறம் வரும் 'நான்' எல்லாவற்றையும் 'அத்தை' என்று படித்துக்கொள். இருபது வருஷமாகத் தன் தையல் மெஷினைத் தானே பிரித்து மாட்டுகிறவள். டார்ச் பிடித்தது மட்டும் நான், அதையும் வேறெங்கோ பிடித்தேனாம். வேலி தாண்டிய 'நான்' மட்டும் நானேதான். கொம்பனும் வேண்டாமாம். "சூறாவளியை வாங்கச் சொல்லுங்க. இருமினது ஃபில்டர்ல தூசி, அவ்வளவுதான். அது ஒண்ணுலதான் ஸ்பானர் இல்லாம கையாலேயே ஃபில்டரைக் கழட்டலாம். ஆளில்லாத இடத்துல நின்னா அவளே துடைச்சு மாட்டிட்டுக் கிளம்பிடுவா" என்கிறாள். அப்படியே எழுதிக் கொடு. நாளை முதல் எனக்குப் பயிற்சி ஆரம்பம். வருகைப் பதிவேடு மட்டும் என் பொறுப்பில் விட்டிருக்கிறாள்.