பயணம் சொன்னவர்

மூன்றாவது முறையும் பயணம் சொல்லப் போக கௌஸ் மைதீனுக்கு முகம் இல்லை.

வெளிநாடு கிளம்புகிறவர் வீடு வீடாக ஏறி, “பயணம் போறேன், தப்பு தவறு இருந்தா மன்னிச்சிடுங்க” என்று சொல்லிவருவது ஊர் வழக்கம். எண்பத்தாறில், ரம்ஜான் முடிந்த கையோடு அவர் பழவேற்காட்டில் நாற்பது வீடு ஏறினார். ஒன்பது வருஷமாகப் பேசாத சம்சுதீனைக்கூடக் கட்டிப்பிடித்து அழுதார். வெளிநாட்டு வேலைக்கான பெர்மிட் வரவில்லை. அடுத்த மாதம் நிச்சயம் என்று நம்பி மறுபடி ஏறினார். “போன தடவயே மன்னிச்சிட்டனே பாய், அதுக்குள்ள புதுசா இன்னா பண்ணே?” என்றார் சம்சுதீன். அப்போதும் வரவில்லை.

போக இருந்த ஊர் லார்னகா. மத்தியதரைக்கடலில் சைப்ரஸ் என்கிற தீவின் கரையில் இருக்கிறது. கப்பல் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட சின்னம்மா மகன் அப்துல் ஹை எழுதியிருந்தான்: “சின்ன ஊருண்ணே. வாடகை சல்லிசு, ரொட்டி சல்லிசு. படகு இன்ஜின் பட்டறையில் சொல்லிவைத்திருக்கிறேன். முதலாளி பெர்மிட்டைத் தபாலில் அனுப்புவார். ஆறு மாதத்தில் அண்ணியையும் கூட்டிக்கொள்ளலாம்.” ஊரை ஒட்டி உப்பு ஏரியாம், ஏரியில் பூநாரையாம், கரையில் ஒரு தர்காவாம்.

“ஏரி, பூநாரை, தர்கா எல்லாம் இங்கயே கீதே பாய்! இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்?” என்று கேட்டான் லைட்ஹவுஸ் குப்பத்துப் படகுக்காரன் துளசிங்கம்.

“அங்க வேல கீதுப்பா.”

அது பொய்யில்லை. முகத்துவாரத்தில் மணல் மூடினால் படகுகள் கரையில் கிடக்கும். இன்ஜின் மெக்கானிக் கௌஸ் மைதீனும் கிடப்பார். இருபது வருஷத்தில் அவருக்கு மிஞ்சியது நகத்தடி மை மட்டும்தான். அந்தப் பெர்மிட்டைத் தவிர இந்த உலகத்தில் அவருக்கு வேறு ஆசையே இல்லை. இனி தேவைப்படாது என்று ஸ்பானர் பெட்டியைக்கூடத் துளசிங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பயணம் சொன்னவன் போய்விட வேண்டும். குளிப்பாட்டிக் கிடத்திய மையித்து எழுந்து டீ கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? கடைத்தெருவில் தலை தெரிந்தாலே, “லார்னகாவுல இன்னா பாய் விசேஷம்?” என்றார்கள்.

மனைவி ஜொஹராதான் வழி சொன்னாள்.

“கிளம்பிட்டீங்கன்னு நான் சொல்லிடறேன். பெர்மிட் வர்ற வரைக்கும் பரண் மேல இருங்க. வந்ததும் நெஜமாவே போய்டுங்க.”

“எத்தினி நாளு?”

“மிஞ்சிப்போனா பத்து நாளு.”

ஏறினார். ஓடு காய்ந்து தலையில் இறங்கியது. தும்மல் வந்தால் தலையணையைக் கடித்தார். கீழே வாசல் திரைக்குப் பின்னால் நின்று ஜொஹரா வந்தவர்களையெல்லாம் அனுப்பிவைத்தாள்.

“பாய் இல்லியா? இன்ஜின் திக்குது” என்று துளசிங்கம் வந்தான்.

“அவரு லார்னகா போய்ட்டாருப்பா.”

வேறொரு நாள் வேறொரு குரல். “கௌஸ் மைதீன் பாய் இருக்காரா?”

“இல்லீங்க. லார்னகா போய்ட்டாரு.”

“எப்ப வருவாரு?”

“இனிமே எதுக்கு வராரு? அங்கயேதான் இருப்பாரு.”

“அப்ப சரிம்மா.” சைக்கிள் நகர்ந்தது.

“கொஞ்சங்கூட நாக்கு கொழறாம சொன்ன பாரு, கெட்டிக்காரி!” என்று பரணிலிருந்து மெச்சினார் கௌஸ் மைதீன். ஜொஹராவும் சிரித்துக்கொண்டாள்.

பத்து நாள் இருபதானது. எதிர்வீட்டுப் பரக்கத் பீவி வந்து, “போனவன் ஒரு கடுதாசி போடலியா?” என்று குடைந்தாள். அதற்கும் வழி கண்டார்கள். பரணில் கடிதம் எழுதப்பட்டது. கப்பல்காரர் ஒருவர் கையில் வந்தது என்று சொல்லி ஜொஹரா வாசித்தாள். கீழே பெண்கள் பெருமூச்சு விட, மேலே எழுதியவரும் பெருமூச்சு விட்டார். தான் எழுதிய ஊர்மேல் அவருக்கே ஆசை பொங்கி வழிந்தது. கண்ணை மூடினால் உப்பு ஏரி தெரிந்தது. திறந்தால் ஒட்டடை தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். துளசிங்கம் மறுபடி வந்து, “இன்ஜின் பொகையா கக்குது அண்ணி, கடல்ல பாதில நின்னா நாங்க இன்னா ஆவறது?” என்று அழாக்குறையாகச் சொன்னபோது, மெக்கானிக்குக்குப் பரணில் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த கடிதத்தில், “துளசிங்கத்தை நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்” என்று எழுதிவிட்டார். இன்ஜின் சீறிக்கொண்டு ஓடியது.

துளசிங்கம் பெட்டி நிறைய நண்டோடு வந்தான். “நான் வந்து சொன்னது செவ்வாக்கெழம. வெள்ளிக்கெழம பதில் வந்துடுச்சு! பாய் இன்னா அவ்ளோ கிட்டவா கீறாரு?”

அங்கே நின்றிருந்த பரக்கத் பீவியின் கண் மெதுவாகப் பரணைப் பார்த்தது.

“எறங்குங்க. இனிமே தாங்காது” என்றாள் ஜொஹரா அன்று மாலை. ஏழு வாரம் ஆகியிருந்தது.

“எல்லாம் அந்த அப்துல் ஹை நாய் பண்ண வேல. பெர்மிட்டும் இல்ல, மண்ணும் இல்ல. சொந்த அண்ணன்னுகூடப் பாக்காம ஏமாத்திட்டான்!” கௌஸ் மைதீன் முனகிக்கொண்டே இறங்கினார். “இந்த ஜென்மத்துல அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.” அப்துல் ஹை அனுப்பியிருந்த போட்டோவை நாலாகக் கிழித்துப்போட்டார். அதில்தான் அந்த ஏரி இருந்தது.

போகாத ஊரிலிருந்து திரும்புவது என்று முடிவானது. விடியுமுன் ஜொஹராவின் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முதல் பஸ் ஏறினார். பக்கத்து சீட்டுக் கிழவர், “ஒதுங்கி ஒக்காரு தாயி” என்றபோது குரல் எழும்பாமல் தலையை மட்டும் ஆட்டினார். பொன்னேரியில் ரயில் பிடித்து, பட்டணத்துப் பர்மா பஜாரில் நாலு வாசனைச் சோப்பும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கி, மறுநாள் மத்தியானம் சூட்கேசோடு பழவேற்காட்டில் இறங்கினார்.

ஊரே கூடிவிட்டது.

“இன்னா பாய், அதுக்குள்ள?”

“தண்ணி ஒத்துக்கல” என்றார். ஆளுக்குப் பாதிச் சோப்பு கொடுத்தார். ஏழு வாரம் வெயில் படாமல் வெளுத்திருந்ததைப் பார்த்து, “சீமைக் காத்து! ஆளு எப்படி கலராயிட்டாரு பாரு” என்று பரக்கத் பீவியே வியந்தாள். சம்சுதீன் தோளில் கை போட்டார். மானம் பிழைத்தது. ஸ்பானர் பெட்டியைத் திருப்பித் தந்துவிடுவதாகத் துளசிங்கமும் சொல்லிவிட்டான். இனி இங்கேயே செத்துப்போகலாம் என்று கௌஸ் மைதீன் கசப்போடு நினைத்துக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைக்கிளோடு வந்தார் தபால்காரர் சுப்பராயலு. பை நிறைய தபால், முகம் நிறைய சிரிப்பு.

“அட, பாய்! போன மாசம் லார்னகாவுலேருந்து உங்களுக்கு ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்துச்சு. நீங்க அங்கதான் கீறீங்க, இனிமே வரவே மாட்டீங்கன்னு வூட்ல சொன்னாங்க. அதான் அப்படியே எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். அங்க உங்க கைக்கு ஒழுங்கா வந்து சேந்துச்சா?”