லோறன்சுக்கு வந்த வருத்தம்

அன்ரோனெற் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டு நின்றதை முதலில் கண்டது மீன் முதலாளி சிங்கராசா.

பெட்டியின் மூடி திறந்திருந்தது. இரண்டு கைகளும் முழங்கை வரை ஐஸுக்குள். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் நற்கருணை வாங்கியவளின் சாந்தம். படகுக்காரன் பெண்சாதியே வந்து ஐஸைக் கிளறுகிறாளென்றால் பழைய மீனைப் புதிய மீனுக்கு அடியில் ஒளிக்கிறாள் என்பதைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? சிங்கராசா திரும்பிப் பக்கத்து மீன்வாடியில் போய் மீன் எடுத்தார்.

பாவம், அன்ரோனெற்றின் மனதில் மீனே இல்லை. நாற்பத்தொன்பது வயதில் மாதவிலக்கு வரவா போகவா என்று இழுபட்டுக்கொண்டிருந்தது. அதோடு நெஞ்சுக்குழியில் ஒரு நெருப்பு பற்றி உச்சந்தலை வரை ஏறும். சட்டை தொப்பலாக நனையும். அடுத்த நிமிடம் குளிரும். இரவில் நித்திரை கிடையாது. கோயில் பாடகர் குழுவில் முதற்குரல் அவள்தான். போன ஞாயிறு பாட்டு நடுவில் ஓகன் வாசிக்கிற பெடியனை ஏசிவிட்டு, பிறகு அவனுக்காகவே அழுதாள்.

என்ன வருத்தம் என்று அவளுக்குத் தெரியும். மருந்து இருப்பதும் தெரியும். ஆனால் டவுன் ஆஸ்பத்திரி வாசலில் வேலை பார்ப்பது அருளம்மா. அருளம்மாவும் எங்கள் பேசாலைதான். அவள் கண்ணில் பட்டது பின்னேரம் ஊருக்குள் வந்துவிடும். வருவது எப்படி என்று அன்ரோனெற்றை விட ஆருக்குத் தெரியும்? அருளம்மா அன்ரோனெற்றிடம்தான் சொல்லுவாள், மிச்சத்தை இவள் பார்த்துக்கொள்ளுவாள். அதே ஊர் எடித்துக்குக் கர்ப்பப்பை எடுத்த செய்தி எடித்தின் புருசனுக்குப் போக முன்னமே மீன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது அன்ரோனெற்றின் உழைப்பினால்தான். இப்போது முறை அவளுடையது.

ஐஸ் விசயம் வேலிக்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் திரேசம்மா தலையை நீட்டினாள்.

"என்ன பிள்ளை, ஐஸுக்குள்ள கைவிட்டுக்கொண்டு நிண்டியாம்?"

"நேத்தி அக்கா. மடு மாதாவுக்கு."

ஐஸில் கைவிடுகிற நேர்த்திக்கடனைத் திரேசம்மா கேள்விப்பட்டதில்லை. ஆனால் மாதாவின் பெயர் வந்தபின் கேள்வி கேட்கக் கூடாது. ஆருக்காக என்று மட்டும் கேட்டாள். தனக்கு என்று சொன்னால் அடுத்தது என்ன வருத்தம் என்று வரும். அன்ரோனெற்றின் வாய்க்கு அகப்பட்டது புருசன் லோறன்ஸ்.

"இவருக்குத்தான். சொல்ல ஏலாத வருத்தம் அக்கா."

அங்கேதான் பிழை விட்டாள். எங்கள் ஊரில் பெயர் சொல்லாத வருத்தம் என்றால் ஒரே வருத்தம்தான், வந்தால் ஆள் தப்பாது.

லோறன்ஸ் இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு வந்து, பாயில் விழுந்து, கட்டைபோலக் கிடந்தான். தொழிலுக்குப் போகிறவன் பகலில் அப்படித்தான் கிடப்பான். அன்ரோனெற் கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் திரேசம்மா செபமாலைக் கூட்டத்தைக் கூட்டி வந்துவிட்டாள். மெழுகுதிரி கொளுத்திச் சுற்றிவர முழங்காலில் நின்றார்கள். லோறன்ஸ் கண் திறந்தபோது காதில் விழுந்தது நல்மரணத்துக்கான மன்றாட்டு. அதற்குள் சுவாமியாரும் நோயிற்பூசுதல் எண்ணெயோடு வந்துவிட்டார்.

"சுவாமி, நான் நித்திரை கொண்டனான்" என்றான் லோறன்ஸ்.

"ஓம் மகன். கலங்காதேங்கோ" என்று நெற்றியில் பூசிவிட்டார்.

எண்ணெய் காயவில்லை, படகில் கூடப் போகிறவன் வந்து, அண்ணை ஓய்வெடுங்கோ, நான் வேறு படகில் போறன் என்று சொல்லிவிட்டான். மீன் வாங்க ஆளில்லை, மீன் பிடிக்கவும் ஆளில்லை. வந்தவர்கள் கொண்டுவந்த தோடம்பழம் மட்டும் மேசை நிறையக் கிடந்தது. லோறன்ஸ் கதவைச் சாத்தினான்.

"எனக்கு என்ன வருத்தமெண்டு எனக்காவது சொல்லு."

அவள் சொன்னாள். சொல்லும்போதே நெருப்பு ஏறியது. வேர்த்து வழிய, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். லோறன்ஸ் தோடம்பழமொன்றை எடுத்து உரித்தான். பாதியை அவளிடம் நீட்டினான்.

"அப்ப சுவாமி ஆளை மாறியெல்லோ பூசிப்போட்டார்" என்றான். பிறகு, "இப்பிடி நித்திரையில்லாமக் கிடந்து சாகப்போறியே? தெரிஞ்ச முகம் இல்லாத இடமாப் பாத்துப் போய்க் காட்டு" என்றான்.

தெரிந்த முகம் இல்லாத இடம் என்று மன்னார்த் தீவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, வெள்ளாங்குளத்துப் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கைக் கண்டுபிடித்தாள். லோறன்ஸின் வருத்தத்தைப் பற்றி டொக்டரோடு கதைக்கப் போவதாகத் திரேசம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஆளைக் கொண்டுவரவே வேண்டாமாம், அவ்வளவுக்கு முற்றிவிட்டதாம் என்று அவள் மன்னார் டவுனைத் தாண்டமுன் ஊர் முடிவுகட்டியது.

பஸ்ஸில் தலையைச் சுற்றிச் சால்வை. உள்ளே அடுப்பு. கிளினிக்கில் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே என்று யோசித்து, எடித் என்று வைத்துக்கொண்டாள். எப்படியும் அவளுடைய விசயம் ஊருக்குத் தெரிந்ததுதானே. எடித், எடித் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்தாள்.

கிளினிக்கில் இருந்த நேர்ஸ் இந்திராதேவி பெரியமடுக்காரி. நெற்றியில் திருநீறு, கையில் விசிறி. அன்ரோனெற் கதிரையில் இருக்க முன்னமே அந்த விசிறியை அவளிடம் கொடுத்தாள்.

"வேர்க்குது, நித்திரை வரேல்ல, சும்மா சும்மா அழுகை வருது. அப்பிடித்தானே? இதுக்கு வெக்கப்பட ஒண்டுமில்லை அக்கா. டொக்டர் அம்மா நல்லாப் பாப்பா. மருந்து இருக்கு."

இத்தனை மாதமாக அவளிடம் இப்படி ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல அவள் இடம் கொடுக்கவுமில்லை. சால்வையை அவிழ்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பெயரும் ஊரும் கேட்டபோது, வழி நெடுகப் பாடமாக்கிய எடித் தொண்டை வரை வந்து நின்றது. இந்த மனுசியிடம் என்ன பொய் என்று தோன்றியது.

"அன்ரோனெற். பேசாலை."

இந்திராதேவி பேனையை வைத்துவிட்டு, கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்:

"பேசாலையில இருந்து வாற பொம்பிளையள் எல்லாரும் இந்தப் பேரைத்தான் சொல்லுறியள், பயப்பிடாம உங்கட உண்மையான பேரைச் சொல்லுங்கோ அக்கா."